பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடம், சோமனூர், திருப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பத்துப் பதினைந்து வருடப் பெட்டிகள். கோர் 2 டுவோ, டூயல் கோர், முதல் தலைமுறை ஐ3 பிராசசர் போட்டவை. தறிக்குடோனில் பாவுக் கணக்கு, பனியன் கம்பெனியில் ஜாப் ஒர்க் பில், தோட்டத்து வீட்டில் பிள்ளைகள் படிக்க வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஆன் ஆவதில்லை. "போயிருச்சுங்க" என்று உடனே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நான் பார்த்த வரையில் பெரும்பாலான பெட்டிகள் போயிருக்காது. பஞ்சு, புழுதி, தளர்ந்த இணைப்பு, தீர்ந்த பேட்டரி, இவற்றில் ஏதோ ஒன்று வழியை மறித்துக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கிற கணக்கு அழிவது பெரும்பாலும் அதற்கப்புறம், அவசரப்பட்டு யாராவது ஃபார்மேட் போடும்போதுதான். அதனால் எதைக் கழற்றினாலும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் யாரையும் அழிக்க விடாதீர்கள். மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும்.

ஏனுங்க, பட்டனை அழுத்தினால் லைட்டுகூட வரவில்லை. மதர்போர்டு போய்விட்டதா?

மதர்போர்டை, அதாவது பெட்டிக்குள் எல்லாம் செருகியிருக்கும் பெரிய போர்டை, கடைசியில் சந்தேகப்படுங்கள். முதலில் யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் வயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். சின்ன யுபிஎஸ்களில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் அது சோர்ந்துவிடும். யுபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரியும், பட்டனை அழுத்தின நொடியில் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும். கம்ப்யூட்டர்மேல் பழி விழும்.

சுவர் பிளக்கிலும் வரவில்லை என்றால் பெட்டியின் பின்பக்கம், கரண்ட்டை மாற்றி உள்ளே கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கூட்டிப் பெருக்கும்போது கைபட்டு அது ஆஃப் ஆகியிருக்கலாம். மிகப் பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்றும் உண்டு. அது எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் டப்பென்று வெடிக்கும், அந்த எஸ்எம்பிஎஸ் கதை முடிந்தது.

இதெல்லாம் சரி என்றால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் ஒரு சின்ன விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அது எரிந்தால் போர்டுவரைக்கும் கரண்ட் வருகிறது, பட்டன்தான் மக்கர் செய்கிறது என்று சந்தேகிக்கலாம். முன்பக்கத்திலிருந்து வரும் பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஆன் ஆகிவிட்டால் பட்டன்தான் குற்றவாளி. ரீசெட் பட்டன் வயரை அந்த இடத்தில் மாற்றிச் செருகி அதையே பவர் பட்டனாக வைத்து ஓட்டலாம். நான் அப்படி மாற்றிக்கொடுத்த பெட்டிகள் வருடக்கணக்கில் ஓடுகின்றன.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். பாதிக்கு மேல் ராம், அதாவது போர்டில் செருகியிருக்கும் மெமரிப் பட்டையின் கோளாறு. அதிலும் ராம் கெட்டிருக்காது, அதன் தங்க நிறப் பற்களில் அழுக்கு ஏறியிருக்கும்.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்ட்டை இறக்குங்கள். பெட்டியின் பெயிண்ட் அடிக்காத இரும்பை ஒரு தடவை தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ராமின் இரண்டு முனையிலும் உள்ள கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் அது தானாக மேலே எழும்பும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் வெள்ளை ரப்பரை எடுத்து, அந்தப் பற்களை இரண்டு பக்கமும் மென்மையாகத் தேயுங்கள். ரப்பர் கறுப்பாவதைப் பார்த்தாலே எவ்வளவு படிந்திருந்தது என்று தெரியும். ரப்பர் துகளை உதறிவிட்டு, ஸ்லாட்டையும் காய்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். திரும்பச் செருகும்போது இரண்டு பக்கமும் 'டக்' என்று கொக்கி விழும் சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் ராம் முழுதாக உட்காரவில்லை.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்த ஸ்லாட். டிடிஆர்2, டிடிஆர்3 என்ற இரண்டு ராம் வகைக்கும் 240 பற்கள்தான் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். நுழையவில்லை என்றால் அமுக்காதீர்கள்.

இன்னொன்று. பெட்டியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் வயரை அதில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் இருக்கும் நீல நிற சாக்கெட்டில் செருகிவிட்டு இரண்டு நாள் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பீப் பீப் என்று கத்துகிறதே, அதற்கு அர்த்தம் உண்டா?

உண்டு. திரையில் எழுத முடியாதபோது போர்டு சத்தமாகச் சொல்லும் செய்தி அது. பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள புரோகிராம். அவார்டு பயாஸ் உள்ள போர்டுகளில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டி பீப்பும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு (கிராஃபிக்ஸ் கார்டு) பிரச்சினை. நீண்ட பீப் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால் ராம். ஏஎம்ஐ பயாஸில் மூன்று குட்டி பீப் என்றால் ராம், எட்டு என்றால் டிஸ்ப்ளே கார்டு. சில பெட்டிகளில் ஸ்பீக்கரே இருக்காது, அதனால் அமைதியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆன் ஆகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டாலும் அப்படியே.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்ம ஊர் நோய்.

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் இருந்து இப்படி ஒரு பெட்டி வந்தது. ஓனர் அண்ணா "பிராசசர் போயிருச்சுன்னு சொல்றாங்க, வேற பெட்டி வாங்கிரலாமுங்களா" என்று கேட்டார். பிராசசர்மேல் இருந்த ஃபேனைக் கழற்றினேன். ஃபேனுக்கும் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு அடை அடையாகப் படிந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் முழுதாக, வட்டமாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் காற்று தகடுகளுக்குள் போகவே இல்லை. பிராசசர் சூடேறித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பெட்டியை அணைத்திருக்கிறது. பஞ்சை எடுத்து, பிராசசர் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்தேன். அந்தப் பெட்டி இன்றைக்கும் அதே குடோனில் ஓடுகிறது.

தறியும் பனியனும் இருக்கிற இடத்தில் பஞ்சு பறக்காமல் இருக்காது. இதோடு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று சேர்ந்துகொள்ளும். பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான் புழுதியையும் ஜன்னல் வழியே கொண்டுவந்து பெட்டிக்குள் கொட்டுகிறது. வைகாசியில் ஒரு தடவை, ஆடி முடிந்ததும் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்தாலே இந்தக் கோளாறு பெரும்பாலும் வராது.

சுத்தம் செய்யும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுற்றவிட்டு ஊதினால் பேரிங் கெடும், ஃபேனே கரண்ட் உற்பத்தி செய்து போர்டுக்கு அனுப்பவும் வாய்ப்பு உண்டு. கம்பெனியில் ஏர் கம்ப்ரசர் இருக்கிறதே என்று அப்படியே எடுத்து அடிக்காதீர்கள். டேங்க்கில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் காற்றோடு வரும். தண்ணீரை முதலில் வடித்துவிட்டு, பிரஷரைக் குறைத்து, ஒரு முழம் தள்ளி நின்று அடியுங்கள்.

சுத்தமாக இருந்தும் அணைகிறது என்றால் ஃபேனின் நான்கு மூலைகளையும் அசைத்துப் பாருங்கள். கோர் 2 டுவோ காலத்து இன்டெல் ஃபேன்களைப் பிடித்திருப்பது நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். சூட்டில் அவை நொறுங்கி ஒரு மூலை தூக்கிக்கொண்டால் போதும், பிராசசர் சூடாகிவிடும்.

தினமும் தேதி மாறிவிடுகிறது. எஃப்1 அழுத்தச் சொல்கிறது. இது பெரிய கோளாறா?

போர்டில் எட்டணா அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. வாட்ச் ரிப்பேர் கடையிலும் கிடைக்கும், ஐம்பது ரூபாய்க்குள் வரும். எழுத்து உள்ள பக்கம் மேலே பார்த்து இருக்க வேண்டும்.

தேதி தப்பாக இருந்தால் ஜிஎஸ்டி தளம், பேங்க் தளம் எதுவும் திறக்காது, பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கும். நெட் கனெக்‌ஷனில் கோளாறு என்று அலைவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

பேட்டரி மாற்றினேன். இப்போது விண்டோஸ் லோகோ வந்து நீலத் திரை அடித்துத் திரும்ப ஆரம்பிக்கிறது.

இந்த இடத்தில்தான் பலர் ஃபார்மேட் போட்டு எல்லாவற்றையும் தொலைக்கிறார்கள். தயவு செய்து நிறுத்துங்கள். பேட்டரி தீர்ந்தபோது பயாஸ் தன் பழைய செட்டிங்கை மறந்து ஃபேக்டரி செட்டிங்குக்குப் போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்கோடு பேச ஏஎச்சிஐ, ஐடிஇ என்று இரண்டு முறை உண்டு. உங்கள் விண்டோஸ் ஏஎச்சிஐ முறையில் ஏற்றப்பட்டது, பயாஸ் இப்போது ஐடிஇ என்று இருக்கிறது, அல்லது இதற்குத் தலைகீழ். நீலத் திரையில் உள்ள எண் 7பி என்று முடிந்தால் பெரும்பாலும் இதுதான்.

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். சாட்டா மோடு (SATA Mode) என்ற வரியைத் தேடி, இருப்பதை மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். வந்துவிட்டால் அந்த வரியை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். அதைத் திறக்க மட்டும் கூடாது. நம்ம 230 வோல்ட் உள்ளே போய் ஏறத்தாழ 325 வோல்ட் டிசியாக கெப்பாசிட்டர் என்ற மின்சேமிப்பு உருளையில் தேங்கி நிற்கும். பிளக்கை உருவின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆளைத் தூக்கி அடிக்கும்.

வெளியிலிருந்து பார்க்கிற முறை இது. பிளக்கை உருவி, போர்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் போகும் எல்லா வயரையும் கழற்றுங்கள். 24 ஓட்டைகள் உள்ள பெரிய பிளக்கில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து இணையுங்கள். பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டுக் கரண்ட் கொடுங்கள், சில எஸ்எம்பிஎஸ் சுமை இல்லாமல் ஓடாது. ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பில் 4.75 முதல் 5.25-க்குள் காட்ட வேண்டும்.

ஃபேன் சுற்றினாலும் எஸ்எம்பிஎஸ் பலவீனமாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். எனக்குச் சந்தேகம் வந்தால் நல்லது என்று தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டித்தான் முடிவு செய்வேன்.

கரண்ட் போய் வந்ததிலிருந்து ஆன் ஆகவில்லை?

பிளக்கைச் சுவரிலிருந்து உருவி ஒரு கால் மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். திடீரென்று வந்த மின்னழுத்தத்தைப் பார்த்துத் தன்னைப் பூட்டிக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ் சில, இப்படி விட்டால் திரும்பும்.

தோட்டத்து வீடுகளில் இன்னொன்றும் உண்டு. மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றிலும் போர் மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும், வோல்டேஜ் விழும். பழைய எஸ்எம்பிஎஸ் அப்போது ஆன் ஆகாமல் அடம்பிடித்து, ராத்திரி நன்றாக ஓடும். நேரத்தைக் குறித்துவையுங்கள், பாதி விடை அதில் இருக்கும். இபி பராமரிப்பு நாளில் காலையிலேயே பிளக்கை உருவிவிடுங்கள்.

பெட்டியைத் தொட்டால் சுரீர் என்கிறது.

எர்த் வேலை செய்யவில்லை. எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிப் பகுதியிலிருந்து சின்னக் கசிவு தகட்டுக்கு வரும். பங்குனி, சித்திரையில் எர்த் குழி காய்ந்துபோனதும் இந்தப் புகார் எனக்கு அதிகமாக வரும். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை பெட்டியைத் தொடாதீர்கள்.

போர்டில் சின்ன உருளைகள் சில மேலே உப்பியிருக்கின்றன. அது என்ன?

கெப்பாசிட்டர். அதன் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பு நிறத்தில் கசிந்தோ இருந்தால் போய்விட்டது. 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகள் பலவற்றில் தரமற்ற திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்களால் இந்தக் கோளாறு உலகம் முழுக்கவே வந்தது. அதே வோல்ட், அதே மைக்ரோஃபாரட் உள்ளதை வாங்கி, நன்றாக சோல்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். டிவி ரிப்பேர் செய்யும் பெரியவர்கள் கை இதில் மிகவும் சுத்தமாக இருக்கும்.

கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று வருகிறது.

ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று அர்த்தம். பென் டிரைவ் ஏதாவது செருகியிருந்தால் முதலில் எடுங்கள். அப்புறம் டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் சாட்டா வயரை இரண்டு முனையிலும், பவர் வயரை டிஸ்க் பக்கத்திலும் கழற்றிச் செருகுங்கள். எலி கடித்த வயர் என்றால் மாற்றுங்கள், பெட்டியின் பின்பக்க ஓட்டை மூடாமல் இருந்தால் எலி வரும்.

இதற்கப்புறம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிஸ்க் சீராகச் சுற்றும் சத்தம் வந்தால் நம்பிக்கை இருக்கிறது. 'டிக்... டிக்... டிக்...' என்று ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தால் உடனே கரண்ட்டை நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் முள் வழி தெரியாமல் தட்டுகிறது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் டிஸ்க்கின் மேற்பரப்பு தேயலாம். விலைமதிப்புள்ள கணக்கு என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் நேராகக் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வரும் என்று சொல்வார்கள், செய்யாதீர்கள். உள்ளே ஈரம் பூத்துவிடும்.

சத்தம் இல்லை, மெதுவாக இருக்கிறது, பாதியில் நிற்கிறது என்றால் முதல் வேலை நகல் எடுப்பது. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால் விண்டோஸ் இல்லாமலே ஃபைல்களைப் பார்க்கலாம். டேலி கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை முழுதாக நகல் எடுக்க வேண்டும், அதற்குள் ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் போட்ட ஃபோல்டர் இருக்கும். நகல் எடுத்த பிறகுதான் செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனை), ரிப்பேர் எல்லாம். சாகப்போகிற டிஸ்க்கில் செக் டிஸ்க் ஓட்டினால் அது அந்த வேலையிலேயே செத்துவிடலாம்.

'பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்' என்றால்?

டிஸ்க் தெரிகிறது, விண்டோஸின் தொடக்க ஃபைல்தான் காணோம். விண்டோஸ் 7 சிடி போட்டு ரிப்பேர் கொடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் இதே கோளாறுக்கு 'என்டிஎல்டிஆர்' என்று வரும்.

ஸ்கூலில் கொடுத்த லேப்டாப் ஆன் ஆகவில்லை. பாப்பாவோட போட்டோ எல்லாம் அதில்தான் இருக்குங்க.

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பின்பக்கம் பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் கழற்றுங்கள், சார்ஜரையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பல லேப்டாப் இதிலேயே எழுந்துவிடும். விளக்கு எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், இருட்டில் டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டும்தான் போயிருக்கிறது, டிவி மானிட்டரில் இணைத்துப் போட்டோக்களை எடுத்துவிடலாம்.

இதற்குச் செலவு செய்வதா, புதிது வாங்குவதா?

பேட்டரி, ராம், ஃபேன், எஸ்எம்பிஎஸ் வரைக்கும் என்றால் தயங்காமல் செய்யுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மலிவானதை வாங்காதீர்கள், அது போகும்போது கூடவே போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். போர்டே போய்விட்டது என்றால் புதிது வாங்கச் சொல்வேன். ஆனால் சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு டிசைன் போடுகிறவர்கள், எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருப்பவர்கள் போன்றோருக்கு டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகி எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் சாஃப்ட்வேர் இருக்கும். அவர்கள் அதே வகைப் பழைய போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன். ஓடுகிறது என்பதற்காக அந்தப் பெட்டியில் பேங்க் வேலை செய்யாதீர்கள். நெட் வயரைக் கழற்றிவிட்டு டிசைனுக்கும் பழைய கணக்குக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் முடியவில்லை. பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, மின்கழிவு எடுப்பவர் கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ, இரண்டு வயர், அவ்வளவுதான் வேலை. ராமையும் எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது ஆகும். டிஸ்க்கை யுஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து பார்க்கலாம். மேலே ஒரு காகிதம் ஒட்டி, யார் கணக்கு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று எழுதி, காட்டுப் பத்திரம் வைத்திருக்கும் பீரோவிலேயே வையுங்கள்.